தேடல் விமானத்தின் ஜன்னலோரம்: தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்சும் ஒருவருக்கு

கேள்வி: எனக்கு வயது 34. அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் வேலை. காணாமல் போனவர்களை விமானத்திலிருந்து தேடும் தன்னார்வக் குழுவில், ஜன்னல் வழியே தரையைப் பார்த்துத் தேடும் அப்சர்வராகச் சேர விரும்பி, பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நான் கண்ணாடி போடுபவள். முதல் பறப்பிலேயே தலைசுற்றி வாந்தி எடுத்துவிட்டேன். இரண்டாவது பறப்பில் தரையில் ஓர் ஆரஞ்சுத் துணியை விரித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். என் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் அது போனது. நான் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மறுபக்கம் இருந்தவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை, ஒரே யோசனை: அது துணியாக இல்லாமல் கையசைக்கும் ஒரு மனிதராக இருந்திருந்தால்? கூர்மையான கண் இல்லாத நான் இந்த வேலைக்கு வரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியில் இருப்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடியையும் வாந்தியையும் அப்புறம் பார்ப்போம், அவற்றுக்கு வழி இருக்கிறது.

துணியைத் தவறவிட்டீர்கள். இனியும் தவறவிடுவீர்கள். ஜன்னலோரம் உட்காரும் எல்லோருக்கும் இது நடக்கிறது. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தேடலைத் திட்டமிடுகிறவர்கள் போடும் கணக்கிலேயே இது சேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளரும் அவருடைய சகாக்களும் நீர்மூழ்கிகளை விமானத்திலிருந்து தேடுவதை ஆராய்ந்தார்கள். இன்றைய தேடல் கணக்குகளின் அடித்தளம் அங்கே போடப்பட்டது. அதில் ஒரு முடிவு எனக்கு எப்போதும் மனதில் நிற்கும். ஒரு பரப்பு முழுவதையும் ஒருமுறை அலசப் போதுமான அளவு பறந்திருந்தாலும், அந்தப் பறப்பு ஒழுங்கில்லாமல் அங்குமிங்குமாக அமைந்துவிட்டால், அங்கே இருக்கும் பொருளைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 63 சதவீதம்தான். ஒழுங்கான இணைகோடுகளில் பறந்தால் இது கூடும், ஆனால் நூறை எட்டாது. அதனால்தான் ஒரே இடத்தை வேறு திசையில், வேறு வெளிச்சத்தில், வேறு ஆட்களை வைத்து மறுபடியும் தேடுகிறார்கள். அன்று உங்கள் குழுவும் அதைத்தான் செய்தது. போகும்போது தப்பியது, வரும்போது மாட்டியது.

அந்தப் பறப்பு முடிந்து இறங்கியதும் தேடல் அறிக்கைப் படிவத்தில் என்ன எழுதினீர்கள்? நான் உங்களிடம் கேட்க நினைப்பது இதைத்தான். இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

அதற்கு முன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். கூர்மையான கண் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மனிதக் கண்ணில் உண்மையிலேயே கூர்மையாகத் தெரியும் பகுதி சுமார் இரண்டு பாகை அகலம்தான். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள், அந்த அகலம். அதற்கு வெளியே நிறமும் அசைவும் ஓரளவு தெரியும், விவரம் தெரியாது. புதியவர்கள் செய்கிற காரியம், பார்வையை ஜன்னலுக்கு வெளியே ஒரே வீச்சாக ஓட விடுவது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் கண் நகர்ந்துகொண்டிருக்கும் கணத்தில் மூளை அந்தக் காட்சியைக் கணக்கில் எடுப்பதில்லை. புத்தகம் படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்தி நின்று நின்று போகிறது; நின்ற இடத்தில்தான் சொல் தெரிகிறது. தரையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். விமானத்துக்கு அருகே ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்துங்கள். பார்த்தாயிற்றா, சற்றுத் தள்ளி அடுத்த புள்ளி. இப்படியே வெளிப்பக்கமாகப் போய், உங்களுக்குக் குறித்துக்கொடுத்த எல்லை வந்ததும் திரும்பி அருகே வாருங்கள். எல்லைக்கு அப்பால் போகாதீர்கள். தூரத்தில் இருப்பது எப்போதும் அழகாக இருக்கும், கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். தொலைவிலுள்ள மலைச்சரிவை ரசித்துக்கொண்டிருக்கும்போது காலடியில் இருப்பது நழுவிவிடும்.

வேகத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குக் கணக்குதானே தொழில். சிறிய தேடல் விமானம் சுமார் 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர்) வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது விநாடிக்கு 46 மீட்டர். மரங்களுக்கு நடுவே 90 மீட்டர் நீளத் திறந்தவெளி இருந்தால் அதைக் கடக்க இரண்டு விநாடி. அந்த நேரத்தில் உங்கள் பார்வை வேறு புள்ளியில் நின்றிருக்கலாம். துணி உங்களிடமிருந்து தப்பியதற்கு இதுவே போதுமான காரணம்.

கடல் வேறு மாதிரி. அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கண் தளர்ந்து, ஒன்றிரண்டு மீட்டர் தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். நீங்கள் கடலைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கண்ணோ ஜன்னல் கண்ணாடிக்குச் சற்று அப்பால் வெற்று வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வப்போது தொலைவில் தெளிவாகத் தெரிகிற எதையாவது, ஒரு கப்பலையோ தொடுவானத்தையோ, பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தண்ணீரில் மிதக்கும் ஒருவர் வெளியே காட்டுவது தலையை மட்டும்தான். அலை நுரைத்துக்கொண்டிருந்தால் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே அது இன்னொரு புள்ளி. சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் நிறங்கள் எல்லாம் கறுத்துவிடும், ஆரஞ்சு உயிர்காப்பு உடைகூட நிழல்போலத்தான் தெரியும். உங்கள் பக்கம் பளபளப்பாக இருந்து எதுவும் தெரியவில்லை என்றால் உடனே பைலட்டிடம் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு மௌனமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

அப்புறம் களைப்பு. நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் 1940-களில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக இதை ஆராய்ந்தார். கடலில் ரோந்து போகும் விமானங்களில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரமாக ஆக நீர்மூழ்கிகளைத் தவறவிட்டார்கள், அதற்கான காரணத்தைத்தான் அவர் தேடினார். கடிகாரம் மாதிரி ஒன்றைச் செய்து, அதன் முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும்போது சொல்லும்படி ஆட்களை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கவனம் குறையத் தொடங்கியது. திறமையானவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே, இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அதை பலவீனமாக எண்ணாதீர்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே விமானம் திரும்பும்போது கண்ணை மூடி ஓய்வு கொடுங்கள். அந்தச் சில விநாடிகள் மதிப்புள்ளவை.

நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் விரிக்கும் துணி சுத்தமாக, தட்டையாக, திறந்த இடத்தில் கிடக்கும். விழுந்த விமானம் விமானம் மாதிரி இருக்காது. ஒடிந்த மரக்கிளைகளின் புது நிறம், கருகிய ஒரு திட்டு, குப்பை கொட்டியது போன்ற சிதறல், ஒரு கணம் மின்னி மறையும் உலோகம், இவைதான் தெரியும். 2007 செப்டம்பரில் சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட் நெவாடாவிலிருந்து ஒரு சிறிய விமானத்தில் புறப்பட்டுக் காணாமல் போனார். மிகப் பெரிய தேடல் நடந்தது. அந்தத் தேடலில் வேறு பழைய விபத்துகளின் சிதைவுகள் பல கண்ணில் பட்டன, அவருடையது மட்டும் படவில்லை. ஓராண்டுக்குப் பிறகு கலிஃபோர்னியா மலைப்பகுதியில் நடந்துபோன ஒருவர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்தார். அதை வைத்து அந்தச் சரிவை வானத்திலிருந்து தேடியபோது, சில நாட்களிலேயே சிதைவு தென்பட்டது. எங்கே பார்க்க வேண்டும், எது மாதிரி இருக்கும் என்று தெரிந்துவிட்டால் மனிதக் கண்ணால் பார்க்க முடிகிறது. புறப்படும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் ஒதுங்கி உட்காராமல் கேள்வி கேளுங்கள். என்ன நிறச் சட்டை, காலணி என்ன, வெயிலில் மின்னவைத்துக் காட்ட கையில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதா, பையின் நிறம், நெருப்பு மூட்டத் தெரிந்தவரா?

எதையாவது பார்த்துவிட்டால் அடுத்த பத்து விநாடிகள் முக்கியம். குறிப்பெழுதக் குனியாதீர்கள், ஜிபிஎஸ் பக்கம் திரும்பாதீர்கள். பார்வை அங்கேயே இருக்கட்டும், வாய் மட்டும் பேசட்டும். "வலப்பக்கம், மூன்று மணி, அரை மைல், ஆரஞ்சு, மரக்கூட்டத்தின் ஓரம்." முன்னால் பன்னிரண்டு மணி, வலது இறக்கை மூன்று மணி, இந்தக் கடிகாரக் கணக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இடத்தைக் குறிப்பது இன்னொருவர் வேலை. விமானம் நகர நகர நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: "நான்கு மணி... ஐந்து மணி... இறக்கைக்குப் பின்னால் மறைகிறது." பைலட் அந்தப் பக்கம் திரும்பும்போது உங்கள் குரலை வைத்துத்தான் திரும்புகிறார். ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டால், திரும்பி வரும்போது நிழல் மாறியிருக்கும், கோணம் மாறியிருக்கும், அதே இடம் வேறு இடமாகத் தெரியும்.

நிச்சயமில்லை என்றாலும் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது பாறையாக இருக்கலாம், பிளாஸ்டிக் தாளாக இருக்கலாம். ஒரு சுற்று வீணாகும், அவ்வளவுதான். "சொல்லிவிட்டு இல்லை என்றாகிவிட்டால் என்ன நினைப்பார்கள்" என்று தயங்கி விழுங்கிய சொல்லுக்கு விலை அதிகம். நல்ல பைலட் எவரும் இதற்காக முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அந்தக் குழுவில் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, இப்போது படிவத்துக்கு வருகிறேன்.

தேடலை நடத்துபவர் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிட்டு வைத்திருப்பார். நீங்கள் போய்வந்து, அங்கே இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்போம் என்பதற்கு எத்தனை சதவீதம் என்று சொல்வீர்கள். அதை வைத்து வரைபடம் மாறும். உதாரணத்துக்கு ஒரு கட்டத்தில் ஆள் இருக்க 40 சதவீத வாய்ப்பு. நீங்கள் தேடினீர்கள், எதுவும் கிடைக்கவில்லை. "பாதிக்குப் பாதிதான் சரியாகப் பார்த்தோம்" என்று 50 சதவீதம் எழுதினால், அந்தக் கட்டத்தின் வாய்ப்பு 25-ஆகக் குறையும். நாளைக்கும் அங்கே ஒரு விமானம் போகும். "நன்றாகப் பார்த்தோம்" என்று 90 எழுதினால் வாய்ப்பு சுமார் 6-க்கு இறங்கிவிடும். அந்தக் கட்டத்தில் ஆள் இருந்தால், அவரைத் தேடி இனி யாரும் வரப்போவதில்லை.

ஒரு தேடலில் ஆளைத் தவறவிடுவது கண். அந்த ஆளை வரைபடத்திலிருந்தே அழித்துவிடுவது பொய்யான நம்பிக்கை. முதலாவது நம் கையில் முழுக்க இல்லை. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

கருவிகளுக்கும் இதுதான். 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகள் எழுப்பும் ஒலியைக் கேட்க நீருக்கடியில் கருவிகளை இழுத்துச் சென்றார்கள். ஒலி கேட்காத பகுதிகளில் விமானம் இருக்க வாய்ப்பில்லை என்று கருதினார்கள். பின்னர் மெட்ரான் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கை மறுபடி போட்டார்கள், கறுப்புப் பெட்டிகளில் ஒலி எழுப்பும் கருவிகளே வேலை செய்யாமல் போயிருந்தால் என்ற கேள்வியையும் சேர்த்து. உடனே வரைபடம் மாறியது. கைவிட்ட பகுதி மேலே வந்தது. 2011-இல் தேடல் மறுபடி தொடங்கிய சுமார் ஒரு வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், சிதைவு அங்கேயே கிடைத்தது. "தேடியாயிற்று" என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று பாருங்கள்.

அதனால் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "மூன்றாவது கோட்டில் மேக நிழல். ஓடைக்குக் கிழக்கே மரம் அடர்த்தி, தரை தெரியவில்லை. கடைசி இருபது நிமிடம் தலைசுற்றல், சரியாகப் பார்க்கவில்லை." இந்தக் கடைசி வரியை எழுதத் தைரியம் வேண்டும். எழுதுகிற அப்சர்வரை நான் எந்த விமானத்திலும் நம்பிக்கையோடு உட்காரவைப்பேன். கணக்கு எழுதிப் பழகியவர் நீங்கள், கையில் இல்லாததை இருப்பு என்று எழுத உங்களுக்கு மனம் வராது. அந்தப் பழக்கம் இந்த வேலைக்குக் கண்ணைவிட அதிகம் உதவும்.

இப்போது மற்ற இரண்டு விஷயங்கள். கண்ணாடி ஒரு தடையே இல்லை, கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால் போதும். குழுவின் மருத்துவ விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி கழன்று விழாமல் கழுத்தில் மாட்டும் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், மாற்றுக் கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும். போலரைஸ்டு வெயில் கண்ணாடி வேண்டாம். விமான ஜன்னலில் வண்ணப் பட்டைகள் தெரியும், சில திரைகள் இருண்டுபோகும். வெளிர் நிறச் சட்டை ஜன்னலில் பிரதிபலிக்கும், ஆகவே அடர் நிறத்தில் போடுங்கள். ஏறும் முன் உங்கள் ஜன்னலை நீங்களே துடைத்துவிடுங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பல வருடங்களாகச் சாதாரண வேலை பார்க்கும் தன்னார்வலர்கள் இந்த இருக்கைகளில் உட்கார்ந்து வருகிறார்கள். 2014-இல் காணாமல்போன மலேசியாவின் எம்எச் 370 விமானத்தைத் தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடியபோதும், ராணுவ விமானங்களோடு போன சிவில் விமானங்களில் ஆஸ்திரேலிய மாநில அவசர சேவையின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஜன்னலோரம் இருந்தார்கள்.

வாந்தி பலருக்கும் வருகிறது, கீழே பார்த்துக்கொண்டே விமானம் வட்டமடிப்பதுதான் முக்கியக் காரணம். திரும்பும்போது தொடுவானத்தைப் பாருங்கள், குளிர்ந்த காற்று முகத்தில் படட்டும், வெறும் வயிற்றோடும் வயிறு முட்டவும் ஏறாதீர்கள். தொடர்ந்து பறந்தால் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பல மாத்திரைகள் தூக்கம் தரும், சில பார்வையை மங்கலாக்கும், இரண்டுமே உங்கள் வேலைக்கு ஆகாதவை. பறப்பு மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் கேட்டு, பறக்காத நாளில் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். குமட்டல் தொடங்கியதும் ஹெட்செட்டில் சொல்லிவிடுங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலில் ஆளே இல்லாதது போலத்தான்.

செயற்கைக்கோள் இருக்கும்போது ஜன்னலில் மனிதர் எதற்கு என்று யாராவது உங்களைக் கேட்கலாம். ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகின்றன. ஆனாலும் எல்லோரிடமும் அது இருக்காது. இருந்தாலும் இடத்தை மட்டும்தான் சொல்லும், ஆளின் நிலையைச் சொல்லாது. 2018 செப்டம்பரில் மாலுமி அபிலாஷ் டோமியின் படகு நடுக்கடலில் புயலில் சிக்கியபோது அவர் இருக்கும் இடம் தெரிந்திருந்தது. மொரீஷியஸிலிருந்து போன இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம்தான் பாய்மரம் முறிந்து கிடந்த படகை நேரில் பார்த்துச் சொன்னது.

தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதைக் குழுவில் உங்களுக்கு மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள். நிஜத் தேடல்கள் பலவும் எதுவும் கிடைக்காமல் முடியும், சில மிகத் தாமதமாக முடியும், ஆள் கிடைப்பதற்கு முன்பே நிறுத்தப்படுபவையும் உண்டு. அந்த நாட்களில் பேச ஆள் இருக்கிற குழுவில்தான் நீங்கள் இருக்க வேண்டும். பறப்புக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசும் வழக்கம் உங்கள் குழுவில் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால், சேரும் முன் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த பயிற்சிப் பறப்புக்கு ஒரு யோசனை. எத்தனை துணி விரித்திருக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் ஒன்றுகூட விரிக்காமலும் இருக்கட்டும். இறங்கியதும், பதிலைக் கேட்பதற்கு முன், எத்தனை சதவீதம் பார்த்திருப்பீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். பிறகு அவர் கையில் இருக்கும் உண்மை எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வாருங்கள். ஆரம்பத்தில் இடைவெளி பெரிதாக இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வந்தால் நிஜத் தேடலுக்கு உங்களை அனுப்பச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம்.